பேக்கப்புக்கு ஒரு பேக்கப்

என் கணவர் ராஜகோபால் எதையும் தூக்கி எறிந்தவர் இல்லை. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பரணில் கைப்பிடி போன பக்கெட்டும், மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியும், யார் யாருக்கோ எப்போதோ நடந்த கல்யாணங்களின் பத்திரிகைகளும் பத்திரமாக இருக்கின்றன. இப்பேர்ப்பட்ட மகானிடம்தான் 2006இல் எங்கள் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் பொறுப்பு போய்ச் சேர்ந்தது.

காரணம் எங்கள் பெண் சத்யப்ரியா. அமெரிக்காவில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. எனக்கு விசா கிடைக்காததால் பிரசவத்துக்குப் போக முடியவில்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்குக் குழந்தையைக் கேமராவில் காட்டுகிறேன் என்றாள். இவர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய், பேரம் பேசி, ஒரு பழைய கேமராவோடு திரும்பினார். வீட்டுக்கு வந்தபின்தான் தெரிந்தது, அதற்கு வேண்டிய சாஃப்ட்வேரை ஏற்ற எங்கள் ஐந்து வயதுக் கம்ப்யூட்டரில் இடமில்லை என்று.

இடத்தை அடைத்திருந்தவை விண்டோஸ் தனக்குத்தானே எடுத்து வைத்துக்கொண்ட பேக்கப் ஃபோல்டர்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஒன்றாக, நீல எழுத்தில் வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றிலும் பெரியதைத் தொட்டாலே 'அக்சஸ் டினைடு' என்றது. எங்கள் வீடு, எங்கள் கரண்ட், எங்களுக்கே அனுமதி இல்லையாம்.

சனிக்கிழமை முழுக்க இவர் சுத்தம் செய்தார். சாயங்காலம் காபி கொண்டுபோய், "எவ்ளோ இடம் கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"காலைல நூறு எம்பி இருந்துச்சு. இப்ப பன்னெண்டு."

"குறைஞ்சிருக்கேங்க?"

"டெலீட் பண்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வெச்சேன். நாளைக்கே தேவைப்பட்டா என்ன பண்ணுவ?"

"சரி, காப்பி எடுத்தாச்சுல்ல? டெலீட் பண்ணுங்க."

"அதுக்குத்தான் மனசு வரமாட்டேங்குது," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் காபியை நானே குடித்துவிட்டேன்.

ஞாயிறு காலை இவர் ஏரிப்பக்கம் நடக்கப் போயிருந்தபோது சத்யா போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அப்பா வர்றதுக்குள்ள நீயே பண்ணிடும்மா," என்று வழி சொன்னாள். 'மை கம்ப்யூட்டர்' மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், சிஸ்டம் ரீஸ்டோர், அங்கே அதை நிறுத்தி வைக்கும் கட்டத்தில் டிக். இதுதானா என்று அவளை இரண்டு தரம் கேட்டுக்கொண்டேன். டிக் அடித்ததும் அந்த அனுமதி மறுத்த ஃபோல்டர் மூச்சு விடாமல் இரண்டு ஜிபியைக் கக்கிவிட்டது. அந்தச் சூட்டிலேயே இவர் எடுத்த காப்பிகளையும் அழித்தேன். அதற்கு யாரையும் கேட்கவில்லை.

திரும்பி வந்தவர் திரையைப் பார்த்து அசந்துபோனார். "பாத்தியா சந்திரி! நேத்து நான் போட்ட வேலை இப்பதான் பிடிச்சிருக்கு."

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

சாஃப்ட்வேரை ஏற்றி, கேமராவை மாட்டி, எட்டு மணிக்கு அவர்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கும் மானிட்டருக்கும் நடுவில் அவர் முதுகு. இடம் காலி செய்த பிரதாபத்தைப் பெண்ணுக்கு ஆதியோடந்தமாக விளக்கிக்கொண்டிருந்தார். குழந்தை அழும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

"எழுந்திருங்க."

"இரு, முக்கியமா பேசிட்டிருக்கேன்ல?"

"இருபத்தெட்டு வருஷமா பேசிட்டீங்க. எழுந்திருங்க."

எழுந்தார். நான் உட்கார்ந்தேன். கட்டம் கட்டமாக உடைந்த படத்தில் பேரன் அழுகையை நிறுத்திவிட்டுக் கொட்டாவி விட்டான். அவனைப் பார்க்கத்தான் அத்தனை பாடும். ஆனால் என் கண் அவனைத் தூக்கி வைத்திருந்தவள் மேல் போய் நின்றுவிட்டது. கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கறுத்து, தலை வாராமல் இருந்தாள்.

"பூண்டுக் குழம்பு வெச்சுத் தர அங்க யாருடி இருக்கா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லம்மா," என்றாள்.