பின்மூலை மரியாதை

குனிமட்சுவுக்கு அந்த நாற்பத்திரண்டு மாடிக் கட்டடம் இப்போது தலைகீழ்ப் பாடம். பத்து நாளாக மிசோ சூப்பை ஆறவிட்டு, வரைபடத்தை மனப்பாடம் செய்திருந்தார். தரைக்கு அடியில் சாப்பாட்டுக் கடைகள், ஆறில் பல் மருத்துவர், ஒன்பதில் குழந்தைகள் காப்பகம், பதினொன்றிலிருந்து அலுவலகங்கள், அதற்கு மேல் ஹோட்டல், உச்சியில் தோட்டம். திங்கட்கிழமை முதல் அதன் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு வழி சொல்லும் வேலை அவருக்கு. முதல் வாரம் சோதனை, தேறினால்தான் நிரந்தரம்.

வேலை கிடைத்ததில் அவரைவிட அதிகம் மகிழ்ந்தவள் மனைவி மிட்சுயேதான். ஓய்வு பெற்ற ஒன்பது மாதமாக அவர் வீட்டில் உட்கார்ந்து, அவள் வெங்காயம் நறுக்குவதை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். இன்னும் ஒரு மாதம் போனால் கத்தி எந்தப் பக்கம் திரும்பும் என்று தனக்கே தெரியாது என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்க்க இருவரும் உமேதாவில் இருந்த அந்தக் கட்டடத்துக்கு வந்தார்கள். லிஃப்ட் திறந்ததும் குனிமட்சு நேராகப் போய்ப் பின்மூலையில் நின்றார். அலுவலக மரியாதைப்படி லிஃப்ட்டில் பதவியில் பெரியவருக்குப் பின்மூலை, பொத்தானை அழுத்தும் பக்கம் சின்னவருக்கு. பதினைந்து வருடம் மேனேஜராக இருந்தவருக்கு இது ரத்தத்தில் ஊறிய விஷயம். மிட்சுயேயும் வேண்டுமென்றே பொத்தானைத் தொடவில்லை. கதவு மூடியது. லிஃப்ட் அசையவில்லை.

“மெதுவா ஏறுது போல,” என்றார் அவர், கொஞ்ச நேரம் கழித்து.

“நயமான லிஃப்ட்டுங்க. ஏறறதே தெரியல.”

கதவு மறுபடி திறந்தது. எதிரே அதே தரைத்தளம், அதே பூக்கடை. உள்ளே வந்தவன் ஹமானோ. குனிமட்சுவின் கீழே பதினொரு வருடம் வேலை பார்த்தவன். இப்போது அவருடைய நாற்காலியில் இருப்பவன். பின்னால் இரண்டு இளைஞர்கள். பழைய மேனேஜரைக் கண்டதும் ஹமானோ அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு பொத்தான் பக்கம் பாய்ந்தான். செய்ய வேலையில்லாமல் இளைஞர்கள் திருதிருவென்று விழித்தார்கள்.

போன மாதம்தான் அலுவலகத்தை இங்கே இருபத்துமூன்றாம் மாடிக்கு மாற்றினார்களாம். தினமும் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறானாம். சார் எங்கே இந்தப் பக்கம் என்று கேட்டான்.

குனிமட்சு சுவரோடு இன்னும் ஒட்டி நின்றார். இவன் முன்னால் வாசலில் நின்று குனிவதா? மேலே ஹோட்டலில் சாப்பாடு என்று சொல்லிவைத்தார். மிட்சுயே, தான் கட்டி எடுத்துவந்த சோற்றுருண்டைப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். அவர் காது சிவப்பதை அவள் பார்த்துவிட்டாள். மனுஷன் சாயங்காலமே போன் போட்டு வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

இருபத்துமூன்றில் மூவரும் இறங்கி, திரும்பி நின்று, இடுப்பு வரை குனிந்தார்கள். கதவு மூடும்வரை நிமிரக்கூடாது. கதவு மூட வந்தது. மிட்சுயேயின் பை குறுக்கே நீண்டிருந்தது; கதவு திறந்துகொண்டது. மறுபடி வந்தது, மறுபடி திறந்தது. மூவரும் குனிந்தபடியே நின்றார்கள்.

“பையை எடு,” என்று பல்லைக் கடித்தார் அவர்.

“அவங்க இடுப்பு ஒடியறதுக்குள்ள உண்மையச் சொல்லிடுங்க. எடுத்துடறேன்.”

குனிமட்சு மூலையை விட்டு வந்தார். பொத்தான் வரிசையில் ‘திறக்க’ என்பதைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்திக்கொண்டார்.

“ஹமானோ, சாப்பாடெல்லாம் இல்லப்பா. திங்கக்கிழமையிலேருந்து கீழ வாசல்ல வழி சொல்ற வேலை எனக்கு.”

ஹமானோ நிமிர்ந்தான். சிரிக்கவில்லை. “நல்லதாப் போச்சு சார். எனக்கு அந்தச் சாப்பாட்டுக் கடைப் பக்கம் இன்னும் வழி பிடிபடல. திங்கக்கிழமை முதல் ஆளா வந்து கேக்கறேன்,” என்று இன்னும் தாழக் குனிந்தான்.

குனிமட்சுவே கதவை மூடினார். திரும்பினால், பின்மூலையில் மிட்சுயே முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“எந்த மாடிக்குப் போகணும்?” என்றார்.

கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில், எங்கே போகவேண்டும் என்று அவர் அவளைக் கேட்டதே இல்லை.

“கொஞ்சம் குனிஞ்சு கேளுங்க. திங்கக்கிழமை தேற வேண்டாமா?”

அவர் குனிந்தார். அவர் நிமிர்வதற்குள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உச்சிக்கு,” என்றாள்.