ஆவுடைத்தாயின் ஏழு சாலைகள்

1931ஆம் ஆண்டு ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தென்காசி மருத்துவச்சி ஆவுடைத்தாயின் சைக்கிளுக்குப் பின்னால் ஒன்றேகால் மைல் நீளத்துக்கு ஒரு சாலை வந்தது. இலஞ்சிக்குத் தெற்கே வயல் நடுவில் இருந்த ஒரு வீட்டுக்கு அவள் பிரசவம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள். வரப்பு ஒரு முழ அகலம்கூட இல்லை. சாரலில் நனைந்து குழைந்து கிடந்தது. முன்சக்கரம் அந்தச் சேற்றில்தான் உருண்டது. பின்சக்கரம் கடந்த இடமெல்லாம் எட்டடி அகலத்துக்குச் செம்மண் சரளை இறுகிக் கிடந்தது, இரண்டு ஓரமும் மருத மரங்கள் நின்றன. மரங்களுக்கு நூறு வயதாவது இருக்கும். ஒன்றில் கொக்குக் கூடு இருந்தது, கூட்டில் மூன்று குஞ்சுகள். ஆவுடைத்தாய் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை பிறந்து, வெந்நீரில் கை கழுவி, வெளியே வந்தபோதுதான் பார்த்தாள். பார்த்துவிட்டு, வந்ததில் பாதி நேரத்தில் வீடு போய்ச் சேர்ந்தாள்.

அந்தச் சைக்கிள் அவளுக்கு வந்தது முந்தைய வருஷம். குற்றாலத்தில் சீசனுக்குத் தங்கியிருந்த எஸ்டேட் துரையின் மனைவிக்குக் குறைமாதத்தில் வலி எடுத்தபோது, டாக்டர் வருவதற்குள் ஆவுடைத்தாயே பிரசவம் பார்த்தாள். துரைசானி ஊருக்குக் கிளம்பும்போது தன் சைக்கிளை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த அவள் கணவன் செல்லப்பா, வண்டி வராத நேரத்தில் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டுவதைப் பற்றித் தெருவில் நான்கு மாதம் பேசினார்கள். பிறகு தெருவிலேயே இரண்டு பேருக்குப் பிரசவ வலி வந்தது, பேச்சு நின்றது.

இலஞ்சிச் சாலையை அளக்க ஜில்லா போர்டு ஓவர்சியர் தங்கசாமி சங்கிலியோடு வந்தார். மூன்று முறை அளந்தார். சாலை இருந்தது. ஆனால் இரண்டு பக்கத்து வயல்களையும் அளந்தபோது ஒருவருடைய நிலத்திலும் அரை சென்ட் குறையவில்லை. தங்கசாமி மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். கடைசியில் ‘ஏற்கெனவே உள்ள சாலை’ என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு அவள் எங்கே சாலை கொண்டுவந்தாலும் அவர் அதே வாக்கியத்தைத்தான் எழுதினார்.

வழியில்லாத வீடுகளுக்கு அவள் பிரசவம் பார்க்கப் போனதில் ஐந்து வருஷத்தில் ஐந்து சாலைகள் வந்தன. இரண்டாவது ஐந்தருவிக்கு மேற்கே, பலா மரங்களுக்கு இடையில் போனது. அதில் போகும்போதும் அருவிச் சத்தம் வலது காதில் கேட்கும், திரும்பி வரும்போதும் வலது காதிலேயே கேட்கும். மூன்றாவது கடையம் பக்கம் போனது. அந்தச் சாலையில் மலை கூடவே வரும். தண்ணீர் குடிக்கச் சைக்கிளை நிறுத்தினால் மலையும் நிற்கும். நான்காவது பாவூர்சத்திரத்துக்கு முன்னால் இரண்டு குளங்களுக்கு நடுவில் பிரிந்தது. ஆடி மாதத்தில் மலைக் கணவாய் வழியே வீசும் காற்றில் ஆளே சாய்ந்துதான் நடக்க வேண்டும், ஆனால் அந்தச் சாலையில் போனாலும் வந்தாலும் காற்று முதுகுப் பக்கமே இருந்தது. ஐந்தாவதில் ஏற்றம் என்பதே கிடையாது. இருந்தாலும் அதன் முடிவில் நின்று பார்த்தால் தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரம் காலுக்குக் கீழே தெரிந்தது. அருவியில் குளிக்க வருகிறவர்கள் இரண்டு நாளில் ஊர் திரும்புவதுதான் வழக்கம். இந்தச் சாலைகளுக்காகத் திருநெல்வேலி வக்கீல்களும் மதுரைக் கல்லூரி வாத்தியார்களும் வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் தங்கினார்கள். தலையில் எண்ணெய் காயாமலே சாரலில் மிதித்துக்கொண்டு போனார்கள். எந்தச் சாலை அழகு என்று லாட்ஜ் வாசலில் சண்டை போட்டார்கள். ஒவ்வொரு சாலையின் முடிவிலும் ஒரு வீடு இருந்ததையும், அந்த வீட்டில் ஒரு குழந்தை வளர்ந்ததையும் அவர்கள் கவனிக்கவில்லை.

சிற்றாற்றுப் பாலத்துக்கு அக்கரையில் சுந்தரபாண்டி என்ற பண்ணையாரின் கிராமம் இருந்தது. அவருக்கு மாந்தோப்பில் ஒரு பங்களா இருந்தது, வழி சரியில்லை. ஆவுடைத்தாயை வரச்சொல்லி, ஒரு நடை தோப்புக்குச் சைக்கிளில் போய்வரச் சொன்னார்.

“அங்கன யாருக்கு வலி எடுத்திருக்கு, அண்ணாச்சி?” என்று அவள் கேட்டாள்.

“வலி எடுத்தாத்தான் போவியோ?”

“ஆமா. சும்மா போனா ரோடும் வராது, எனக்கும் பொழுது கெடையாது.”

பண்ணையார் ஆள் வைத்து ஒரு சைக்கிள் வாங்கித் தாமே ஓட்டிப் பார்த்தார். பின்னால் திரும்பிப் பார்த்தபோது நெருஞ்சி முள்தான் இருந்தது.

அந்தக் கிராமத்திலிருந்து ஆற்றோடு ஒரு மைல் கிழக்கே போனால் நொச்சிக்காடு. பண்ணையாரின் வயலில் வேலை செய்கிறவர்களின் குடிசைகள் அங்கே இருந்தன. ஊர்த்தெரு வழியாக அவர்கள் நடக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. இடுப்பளவு சேற்றில் சுற்றித்தான் பாலத்துக்கு வருவார்கள். 1936இல் அங்கே ஒரு பெண்ணுக்கு வலி எடுத்து ஆவுடைத்தாய் அந்தச் சேற்றில் போனாள். ஊரைச் சுற்றிக்கொண்டு ஆறாவது சாலை வந்தது, இரண்டு பக்கமும் பூத்த புன்னை மரங்களோடு. மறுநாளே பண்ணையார் பத்து ஆட்களை விட்டு அதை வெட்டச் சொன்னார். இரண்டடி தோண்டினார்கள், இரண்டடி கீழே சாலை இருந்தது. நான்கடி தோண்டினார்கள், அங்கேயும் அதே சரளை, அதே இறுக்கம். ஆறடியில் வண்டித்தடம்கூடத் தெரிந்தது. மண்வெட்டிகளைக் கீழே போட்டுவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பண்ணையார் சாலையை விட்டுவிட்டார். பாலம் முடிந்து அந்தச் சாலை பிரிகிற இடத்தில் மூங்கில் கேட் போட்டு, இரண்டு பேரைக் காவல் வைத்தார். நொச்சிக்காட்டுக்காரர்கள் தம் சொல்படி நடக்கிற நாட்களில் கேட் திறந்திருக்கும், கூலி கூட்டிக் கேட்ட நாட்களில் மூடியிருக்கும்.

1939 கார்த்திகையில் நொச்சிக்காட்டுக்காரர்கள் நடவுக்குக் கூலி கூட்டிக் கேட்டிருந்தார்கள். கேட் ஒன்பது நாளாக மூடிக் கிடந்தது. மழையில் சேற்றுப்பாதை முழுகிப்போனது. பத்தாம் நாள் மத்தியானம் இசக்கி என்பவன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்தினான். அவன் மனைவி மாடத்திக்கு முந்தின நாளிலிருந்து வலி. குழந்தையின் கால் முதலில் வந்துவிட்டது. பாலத்தில் போன யாரோ ஸ்டேஷன் பக்கத்திலிருந்த ஆவுடைத்தாயின் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னார்கள். அவள் சைக்கிளை எடுத்தாள். டியூட்டி முடிந்திருந்த செல்லப்பாவும் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். கேட்டில் பண்ணையாரே குடை பிடித்து நின்றார்.

“தோண்டுனா ரோடு கீழ போவுது, சரி. கேட்டத் தாண்டி எப்படிப் போவுதுன்னு பாக்கேன்.”

“ரெண்டு உசுரு, அண்ணாச்சி.”

“மொதல்ல அவனுவள வேலைக்கு வரச்சொல்லு.”

அவள் சைக்கிளைத் திருப்பித் தென்கரைக்கே வந்து, கரையோரமாகக் கிழக்கே ஒரு மைல் மிதித்தாள். நொச்சிக்காட்டுக்கு நேர் எதிரே வந்ததும் நிறுத்தினாள். சிற்றாறு இரண்டு கரையும் தொட்டுச் சிவப்பாக ஓடியது. தென்னை மரம் ஒன்று வேரோடு மிதந்து போனது. அவளுக்கு நீச்சல் தெரியாது. சாலை ஒருநாளும் அவளுக்கு முன்னால் வந்ததில்லை. எப்போதும் பின்சக்கரத்துக்குப் பின்னால்தான். முன்சக்கரம் உருள வேண்டியது இந்தத் தண்ணீரில். அவள் கைப்பிடியைத் தண்ணீரின் பக்கம் திருப்புவதைச் செல்லப்பா பார்த்தான்.

“ஏட்டி, வேண்டாம். நில்லு.”

“நீங்க கேரியர விட்டுராதீங்க.”

“நா விடமாட்டேன். ஆனா வேண்டாம்ங்கேன்.”

அக்கரையிலிருந்து மாடத்தியின் அலறல் ஆற்றுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஆவுடைத்தாய் பெடலை மிதித்தாள். முன்சக்கரம் ஆற்றில் இறங்கியது, அச்சு முழுகியது, தண்ணீர் அவள் முழங்கால் வரை ஏறியது. வெள்ளம் சக்கரத்தைக் கிழக்கே இழுத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதை நேராக்கினாள். பின்சக்கரம் இறங்கிய இடத்தில் செல்லப்பாவின் பாதத்துக்குச் சரளை தட்டுப்பட்டது. “வந்துட்டு!” என்று கத்தினான். “மிதி, மிதி, வந்துட்டு!” கணுக்கால் தண்ணீரில் அவன் நடந்தான், அவனுக்கு ஒரு முழம் முன்னால் அவள் வெள்ளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நடு ஆற்றில் இரண்டு முறை சாய்ந்தாள், இரண்டு முறையும் அவன் கேரியரைப் பிடித்து நிறுத்தினான். அக்கரையில் ஏறியதும் சைக்கிளைப் போட்டுவிட்டு, நனைந்த சேலையோடு குடிசைக்குள் ஓடினாள். ஒரு மணி நேரம் கழித்துப் பெண்குழந்தை அழுதது. மாடத்தியும் பிழைத்துக்கொண்டாள். ஆவுடைத்தாய் குடிசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். செல்லப்பா பக்கத்தில் நின்று அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை பண்ணையார் தனியாகத் தென்கரைக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றுக்குள் நடந்தார். சுற்றிலும் ஆள் முழுகும் வெள்ளம். அவர் போன எட்டடி அகலத்தில் மட்டும் கணுக்கால் தண்ணீர். நடுவில் போய் நின்று வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி வந்து, கேட்டைப் பிடுங்கி விறகுக்கு உடைக்கச் சொன்னார். கூலியும் கொஞ்சம் கூடியது.

நொச்சிக்காட்டுப் பிள்ளைகள் ஆற்றைக் கடந்த அந்த ஏழாவது சாலை வழியாகத் தென்காசிப் பள்ளிக்கூடத்துக்கு வரத் தொடங்கினார்கள். கோடையில் அது மணலுக்கு நடுவே கிடக்கும் சாதாரணச் சாலை. ஆறு எத்தனை அடி ஏறினாலும் அதன்மேல் தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. மீன்கள் குறுக்கே போகும்போது சைக்கிள்காரர்கள் மணி அடித்தார்கள். 1946 ஐப்பசியில் மதுரையிலிருந்து வந்த ஒரு வாத்தியார் தென்கரையில் வாடகைச் சைக்கிளோடு நின்று, புரண்டு ஓடுகிற ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த மாடத்தியிடம், இதில் எப்படிப் போவது என்று கேட்டார். அவள் தலையை நிமிர்த்தி அவர் சைக்கிளை ஒரு முறை பார்த்தாள்.

“எடது கைப்பக்கமாவே போங்க சார்வாள்,” என்றாள். “எதுக்க வண்டி வரும்.”