மாதிரி வாடிக்கையாளர்

திருஞானத்துக்குத் தண்ணீர் வடிகட்டி விற்கும் கம்பெனியில் மாதிரி வாடிக்கையாளர் வேலை. கம்ப்யூட்டர் தானாக அனுப்பும் கடிதங்களுக்கு அங்கே முன்கூட்டியே மாதிரி எழுதி வைப்பார்கள். ஊருக்கெல்லாம் அனுப்பும் முன் அவர் பெயருக்கு ஒன்று அனுப்பிப் பார்ப்பார்கள். கடிதத்தில் இருப்பது அவருக்கு நடந்துவிட்டால் மாதிரி சரி.

இணைப்புத் துண்டிப்புக் கடிதம் வந்த அன்று வீட்டுக் குழாய்கள் சுவருக்குள் போய்விட்டன. முகவரி மாற்றக் கடிதம் வந்தபோது வீடு உறையூரை விட்டு எடமலைப்பட்டிப் புதூருக்குப் போய்விட்டது. அவர் மனைவி செண்பகவல்லி அங்கே புதிதாகப் பால்காரர் தேடிக்கொண்டாள். வருத்தம் தெரிவிக்கும் கடிதத்தோடு கோட்டு போட்ட ஆட்கள் வந்து வாசலில் நின்று வருந்தினார்கள். பொழுது சாயும்வரை வருந்தினார்கள். அவர்களுக்கும் அவள்தான் காபி போட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கூட்ட அறைக்குப் போகும் வழி அன்று நீண்டுவிட்டிருந்தது. திருஞானம் பாதி வழியில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போனார்.

"இறந்துபோன வாடிக்கையாளர் குடும்பத்துக்கு நம்மகிட்ட கடிதமே இல்ல, சார்" என்றார் கடிதப் பிரிவின் தலைவி ரெஜினா மேடம். "இப்ப எழுதியாச்சு."

'ஆழ்ந்த இரங்கல்' என்று இருந்தது. ஆழம் என்றால் அளந்து காட்டச் சொல்வார்கள் என்றார் சட்டப் பிரிவுக்காரர். 'ஆழ்ந்த' போய்விட்டது.

"மேடம், இத வேற யாருக்காவது அனுப்பிப் பாக்கலாமே."

"மாதிரி நீங்கதானே சார்."

"செண்பகம் உடைஞ்சு போயிடுவா."

"உடையாம இருக்காங்களான்னுதான் பாக்கணும்."

திருஞானம் பஸ்ஸுக்கு நிற்காமல் வீட்டுக்கு ஓடினார். கடிதம் முந்திக்கொண்டது. வாசலில் அக்கம்பக்கத்தாரின் செருப்புகள் கிடந்தன. செண்பகவல்லி கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"செண்பகம், நான் இங்கதான் நிக்கிறேன்."

"தெரியுது." மூக்கைச் சிந்தினாள். "ஆனா பேரு, ஊரு எல்லாம் சரியாப் போட்டிருக்காங்களே."

"நான் உயிரோடதான் இருக்கேன்."

"அத அவங்ககிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொல்லி என்ன பண்றது?"

மறுநாள் ஆபீஸில் அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். திருஞானத்தின் சட்டையைத்தான் போட்டிருந்தார். மரியாதையாக எழுந்து நின்று அனுதாபம் தெரிவித்தார்.

"மேடம், நான் உயிரோட இருக்கேன்னு ஒரு கடிதம் போட்டா போதும்" என்றார் திருஞானம்.

"அப்படி ஒண்ணு யாரும் கேட்டதில்லையே சார்."

"நான் கேக்குறேனே."

"வாடிக்கையாளர் கேக்கணும்."

அவருக்குக் கோபம் வந்தது. மேசையை ஓங்கித் தட்டினார். சத்தம் வரவில்லை. ரெஜினா மேடம் காகிதம் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு கல்லை வைத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கெஞ்சினார். அவள் கம்பெனிக்கு எழுதினாள். கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

'உங்கள் கணவர்மீது தாங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி. அவர் தற்போது இருப்பில் இல்லை.'

செண்பகவல்லி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அவர் வேட்டிகளை எடுத்து மூட்டை கட்டினாள். கட்டும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குத் தட்டு வைப்பதும் நின்றுவிட்டது.

அமாவாசை வந்தது. அவள் தலைக்குக் குளித்து, அவருக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல் செய்து, சோற்றோடு மொட்டைமாடிச் சுவரில் வைத்தாள்.

"கா... கா..." என்று கூப்பிட்டாள்.

காகங்கள் பக்கத்து மாடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. திருஞானம் படிக்கட்டில் காத்திருந்தார். பசி தாங்கவில்லை. அவள் அந்தப்பக்கம் திரும்பியதும் போய்ச் சாப்பிட்டார்.

உப்பு குறைவாக இருந்தது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். அவள் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.