வரிப்பணமும் தேத்தண்ணியும்

என் வேலைக்கு வேட்டு வைப்பதற்கு, என் கணவர் தயாபரன் நான் ஊற்றிக்கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே தயாரானார். இப்படி ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுவது எவ்வளவு பெரிய காரியம் என்று யாருக்காவது தெரிய வேண்டாமா?

நான் சுதர்ஷினி. பதுளையில் இருக்கும் மலைமுகடு வானொலியில் பல வருடமாக விடியற்கால நிகழ்ச்சி செய்கிறேன். அரசாங்க வானொலி, மக்கள் வரிப்பணத்தில் ஓடுவது. அந்தப் பணத்தை நிறுத்திவிடலாமா என்று கொழும்பில் பெரிய வாதம் கிளம்பி, நேரில் பார்த்து அறிக்கை எழுத ஒரு குழுவையும் போட்டிருந்தார்கள். குழுத் தலைவர் எங்கள் நிலையத்துக்கு வந்து என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"இதை யாரம்மா கேக்கிறாங்க?"

பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம், கேட்கிறவர்களை எண்ணுவதற்கு இல்லை. அடைத்த அறையில் உட்கார்ந்து கண்ணாடிச் சுவரைப் பார்த்துப் பேசுகிறவள் நான். முன்பாவது கடிதம் வரும். இப்போது அதுவும் இல்லை. யார் கேட்கிறார்கள் என்று எனக்கே தெரியாது.

அந்த வாரம் அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் திருவிழா. திருவிழாவுக்குப் பட்டிமன்றம். "வரிப்பணத்தில் வானொலி: தேவையா, வீணா?" என்று தலைப்பே வைத்துவிட்டார்கள். அந்தக் குழுத் தலைவரும் வந்து கேட்பதாக இருந்தது. ஒலிப்பதிவு என் பொறுப்பு. சீட்டுக் குலுக்கியதில் "வீண்" என்ற அணி என் கணவருக்கு விழுந்தது. அவர் தோட்டப் பாடசாலை ஆசிரியர். ஊவா மாகாணத்தில் எங்கே பட்டிமன்றம் என்றாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"பக்கத்த மாத்திக் கேளுங்களேன்," என்றேன்.

"விழுந்த பக்கத்தப் பேசுறதுதான் மரியாத. எனக்குத் தோத்துப் பழக்கமில்ல சுதா."

"எனக்கு வேல போனா, உங்க கைதட்டலத்தான் ஒலையில போட்டுக் கொதிக்க வைக்கணும்."

சிரித்தாரே தவிர அசையவில்லை.

மேடையில் முதலில் ஜீவராணி டீச்சர் "தேவை" என்று பேசினார். "கடையில பால்மா வாங்குறப்ப நாமளும்தானே வரி கட்டுறோம்? அதுல கொஞ்சம் நம்ம காதுக்கும் வரட்டுமே!" நல்ல பேச்சுதான். ஆனால் முன்வரிசையில் தலைவர் கொட்டாவி விட்டார்.

பிறகு என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"ஒரு மைக்குக்கு மூணு அதிகாரி! வானொலி வேன் சந்தைக்குப் போயி மரக்கறி வாங்குது! கம்பியூட்டர் படுத்துருச்சுன்னு ஒரு வாரமா ஒரே பாட்டு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாம் நான் தேங்காய் துருவிக்கொண்டே வீட்டில் புலம்பியவை! ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்ததால் வாயைத் திறக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வரட்டும் என்று கறுவிக்கொண்டேன். தலைவர் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தார்.

தயாபரன் அதோடு விடவில்லை. மூக்கால் இழுத்து என் குரலிலேயே பேசிக் காட்டினார்.

"விடியக்காலம் இந்தம்மா வந்து கேக்குறாங்க: 'எல்லாரும் தேத்தண்ணி குடிச்சாச்சா?'"

"குடிச்சாச்சு தாயி!"

மைதானமே சொன்னது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள், கடலை வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆண்கள், மேட்டில் ஏறி நின்ற பிள்ளைகள், எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். என் கணவர் அடுத்த வாக்கியத்தை மறந்து நின்றார். அவர் மேடையில் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

எனக்குப் பக்கத்தில், அந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் கருப்பம்மா அக்கா உட்கார்ந்திருந்தார். "என்னக்கா இது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெனமும் நீ கேக்குற, பதில் சொல்லாம இருக்க முடியுமா? ஒட்டி ஒட்டி இருக்குற வீடுதானே, இந்தக் காம்பராவுல சொன்னா அடுத்த காம்பராவுலயும் சொல்லுவாங்க. லயத்து வரிச பூரா கேக்கும். ஒரு வீட்டுல சத்தம் வரலன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு போயிப் பாப்போம்." என்னை உற்றுப் பார்த்தார். "ஏன், அது ஒனக்குக் கேக்காதா?"

கேட்டதில்லை. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் எனக்குக் கேட்டதில்லை. அத்தனை பேர் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

நடுவர் ராமாமிர்தம், பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருப்பவர், தீர்ப்பை வளர்க்கவில்லை. "கேக்காத வானொலிய வச்சு இப்பிடிச் சிரிக்க முடியாதுங்க. தயாபரன் மாஸ்டர் நல்லாப் பேசினாரு. அதனாலேயே தோத்துட்டாரு."

குழுத் தலைவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை நான் அறிக்கையில எப்படி எழுதுறது?" என்றார்.

"சிரிச்சாங்கன்னு எழுதுங்க ஐயா!" என்றார் நடுவர்.

என்ன எழுதினாரோ, வானொலிக்குப் பணம் நிற்கவில்லை. மூன்று அதிகாரிகளில் இரண்டு பேருக்கு மட்டும் இடமாற்றம் வந்தது. அது தன் வாதத்துக்குக் கிடைத்த வெற்றி என்று என் கணவர் இன்றைக்கும் மார்தட்டிக்கொள்கிறார். அன்று பஸ்ஸில் வரும்போதோ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனுசன் வேண்டுமென்றே எனக்காகத் தோற்றாரோ என்று நான் உருகிக்கொண்டிருக்க, அவர் உண்மையாகவே தோற்றுப்போன கடுப்பில் இருந்தார். அதற்காகவே இறங்கியதும் அவருக்குப் பிடித்த வடை வாங்கிக் கொடுத்தேன்.

அறிக்கை வரும்வரை நான் காத்திருக்கவில்லை. திருவிழாவுக்கு மறுநாள் விடியற்காலை, "எல்லாரும் தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்று கேட்டேன். வழக்கம்போல அடுத்த பேச்சுக்குத் தாவாமல் வாயை மூடிக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே அதிகாரி பதறிப்போய்க் கையை ஆட்டினார். ஆட்டட்டும். அவர்கள் பதில் சொல்லி முடிக்க வேண்டாமா?