கஞ்சிப் பானைக்கு அடியில் கிடந்த விசிறி

"அப்பா, வள்ளத்துல பின்பலகை எனக்கு வேணும். எஞ்சினை நான் ஓட்டுறேன்."

மெர்லெட் இதைச் சொன்னபோது அப்பா பனியடிமையின் வாயில் பாதி அயிலை மீன், தட்டில் மீதி. இரண்டும் அப்படியே நின்றுவிட்டன.

பொன் கேள், துபாய்க்குப் போகணும் என்று கேள், வேற்று மதத்துப் பையனைக்கூடக் கேட்டுப் பார், வள்ளத்தில் ஏறுகிறேன் என்று மட்டும் அப்பனிடம் கேட்காதே என்று அம்மா ஃபுளோரி அவளுக்குப் பன்னிரண்டு வயதிலேயே சொல்லி வைத்திருந்தாள். புதுக்குறிச்சிக் கரையில் பெண்கள் மீன் விற்கலாம், வலை பொத்தலாம், ஆண்கள் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவரும் எஞ்சினைக் கழுவலாம். வள்ளத்தில் ஏறக் கூடாது. ஏறினால் மீனெல்லாம் கோபித்துக்கொண்டு கொல்லத்துக்குப் போய்விடுமாம்.

"பிசிக்ஸ் படிச்சது இதுக்காடி?"

"வேற எதுக்கு ஆச்சு? அந்தோணியார் திருநாளுக்கு அப்புறம் ஒரு நாளாவது நம்ம வள்ளம் முதல்ல வந்துச்சா? நாம கரை பிடிக்கும்போது ஐஸ் வண்டியெல்லாம் போயிருது. அம்மா வெயில்ல உக்காந்து காக்கா விரட்டுறா."

"எஞ்சினுக்கு வயசாச்சு மோளே."

"எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. உங்க பெரிய விசிறிக்குத்தான் கொழுப்பு."

தண்ணீருக்குள் சுழன்று வள்ளத்தைத் தள்ளும் அந்த விசிறியைப் பனியடிமை அந்தோணியார் திருநாளுக்கு வாங்கி மாட்டியிருந்தார். மச்சான் சில்வஸ்டர் பெரியது மாட்டினான் என்று அதைவிட இரண்டு விரல் பெரியது. பங்குச் சாமியார் தீர்த்தம் வேறு தெளித்திருந்தார். சில்வஸ்டருக்கு இரண்டு எஞ்சின் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. மெர்லெட் தினமும் நல்ல தண்ணீர் பீப்பாயில் எஞ்சினை ஓடவிட்டு உப்புக் கழுவுகிறவள். அதன் தொண்டைச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

"மண்ணெண்ணெய்ல ஓடுற சின்ன எஞ்சின். அவ்வளவு தண்ணியைத் தள்ள முடியாம சுத்து குறையுது. கோயில் படி ஏறுற மாதா சபைப் பொம்பளைங்க மாதிரி மூச்சு வாங்குது. எஞ்சினும் ரெண்டு விரல் ஆழமா இறங்கி நிக்குது. போதாததுக்கு நாலு பேரும் பீடி பிடிக்கப் பின்னாடியே உக்காந்தா, வள்ளம் மூக்கைத் தூக்கிட்டு வானத்தைப் பாத்துத்தான் ஓடும்."

"நாலு பேர் எங்க?" என்றாள் ஃபுளோரி அடுப்படியிலிருந்து. "மூணு பேரும் உங்க அப்பன் வயிறும்."

பனியடிமைக்குச் சுருக்கென்றது. "சரி. உன் இஷ்டத்துக்கு மாத்து. நாளைக்கு உன் மாமனுக்கு முந்தி நான் கரை பிடிச்சா பின்பலகை உனக்கு. போதுமா?"

தோற்பது உறுதி என்ற தைரியத்தில் சொன்ன வாக்கு அது.

"பழைய விசிறி எங்க?"

மூன்று பேரும் கஞ்சிப் பானையைப் பார்த்தார்கள். எஞ்சினோடு வந்த சின்ன விசிறி, மூன்று இறக்கைகளையும் விரித்துப் பானைக்குப் பிரிமனையாகக் கிடந்தது.

மெர்லெட் பானையைத் தூக்கி வைத்தாள். விசிறியின் கரியைத் தேய்த்து எடுத்தாள், இறக்கை விளிம்பில் இருந்த நெளிவை அரத்தால் சீராக்கினாள், பெரியதைக் கழற்றிச் சின்னதை மாட்டினாள். விடிந்ததும் கரைக்குப் போய், வள்ளத்தின் பின்பக்கம் மணலில் நின்றபடியே எஞ்சினுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்து உயர்த்தி முறுக்கினாள். ஒரு கால்விரல்கூட வள்ளத்தில் படவில்லை. மீனுக்கு மரியாதை.

"பீடி முன்னாடி போய்ப் பிடிங்க," என்று வேலைக்காரர்களிடம் சொன்னாள்.

பதினொரு மணிக்குத் தெற்கே ஒரு வள்ளம் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு சீறி வந்தது. சில்வஸ்டர் என்றுதான் கரை நினைத்தது. இறங்கியவர் பனியடிமை. ஐஸ் வண்டிகள் எல்லாம் இருந்தன. சில்வஸ்டர் வந்தபோது ஏலம் பாதி முடிந்திருந்தது.

மத்தியானம் சாப்பாட்டில் பனியடிமை மகளைப் பார்க்காமல் பேசினார். "அந்தோணியாருக்குப் பெரிய மெழுகுவத்தி வைக்கணும். அவர் செஞ்சதுதான்."

"அந்தோணியார் இத்தனை மாசமா என் பானைக்கு அடியில இருந்தாரா?" என்றாள் ஃபுளோரி.

"பின்பலகை?" என்றாள் மெர்லெட்.

"அது ஒரு தமாஷுக்குச் சொன்னது மோளே. ஊர் சிரிக்காதா?"

"நீங்க கடைசியா வந்தப்பவும் ஊர் சிரிச்சுதே. அப்ப காது கேக்கலையா?"

அதற்குள் வாசலில் சில்வஸ்டர் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தோற்ற மனிதருக்கு நிலைப்படி உயரமாகத் தெரியும் போலிருக்கிறது.

"மோளே, என் எஞ்சின் ரெண்டையும் ஒரு பார்வை பாத்துக் குடேன்."

"பாக்கலாம் மாமா. ஆனா கரையில நின்னு பாக்க மாட்டேன். கடல்ல, கைப்பிடியை நான் பிடிச்சுத்தான். நாளைக்கு மட்டும் இல்ல, தினமும்."

சில்வஸ்டர் தலையைச் சொறிந்தார். "நீ ஏறினா மீன் போயிரும்னு உங்க அப்பன் சொல்லுவானே."

"நேத்து நீங்க கொண்டு வந்தது அரைக் கூடைச் சாளை. போறதுக்கு அங்க என்ன இருக்கு?"

அவர் சிரித்துவிட்டார். "சாயங்காலம் ஒரு சுத்து ஓட்டிக் காட்டு. வா."

"இந்த வாசலைத் தாண்டின..." என்று பனியடிமை ஆரம்பித்தார்.

மெர்லெட் கையைக் கழுவினாள். தீர்த்தம் தெளித்த பெரிய விசிறியை எடுத்து வந்து கஞ்சிப் பானைக்கு அடியில் வைத்தாள். பானை ஆடாமல் அம்சமாக உட்கார்ந்தது.

"இதுக்கு இதுதான் சரியான அளவு," என்றாள். "சின்னது உங்க எஞ்சின்லயே இருக்கட்டும். அம்மா வெயில்ல உக்கார வேண்டாம்."

ஆணியிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு பீப்பாயைத் தாண்டினாள்.

"எடீ," பின்னாலிருந்து அப்பன் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது. "அவன் எஞ்சினை நம்மளை முந்துற அளவுக்குக் கிளப்பி விட்டுராதே."

அவள் திரும்பவில்லை. வெயிலில் மணல் சுட்டது. சில்வஸ்டருக்கு முன்னால் நடந்தாள்.