மூடியின் உள்பக்கம்

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. அன்று வியாழக்கிழமை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கென்னவோ புதன் என்று படுகிறது. மழை பெய்ததா, வெறும் மூட்டமா என்பதையும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் குமிழைத் திருகிய விரல்கள் சுந்தரேசனுடையவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதில் எனக்கல்ல, தனக்கே ஒரு சந்தேகம் வந்துவிடாதா என்று அவர் ரொம்ப நாள் காத்திருந்தார்.

சுந்தரேசன் ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரின் பெரிய மின்னணுத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மாடி அறையில் உட்கார்ந்து ஒரு கருவி செய்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பெட்டக அறையின் சுவரில் அதைத் திருகி மாட்டிவிட்டால் அது சுவரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். யாராவது சுவரைத் துளைத்தாலோ இடித்தாலோ சைரன் அலறும். போலீஸ் ஸ்டேஷனுக்கும் மேனேஜருக்கும் போன் போகும். உள்ளே ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட ஒரு குமிழ் உண்டு. எண் ஏற ஏறக் காது கூர்மையாகும்.

முதல் கருவி இரண்டு தெரு தள்ளியிருந்த கூட்டுறவு வங்கிக் கிளையில் ஏறியது. காலனித் தமிழ்க் குடும்பங்களில் பாதிப்பேருக்கு அங்கேதான் லாக்கர். சுந்தரேசனின் மனைவி பட்டுவின் ஒட்டியாணமும் இரட்டை வடச் சங்கிலியும்கூட அங்கேதான் இருந்தன. அந்தச் சுவருக்கு ஏழு சரியாக இருக்கும் என்று மூன்று நாள் உட்கார்ந்து பார்த்து அவர் முடிவு செய்திருந்தார். ஒவ்வொரு முறை சர்வீஸ் முடிந்ததும் மூடியின் உள்பக்கத்தில் எண்ணையும் தேதியையும் பென்சிலால் எழுதுவார். பிறகு மூடியைப் பூட்டி, மேலே ஒரு காகிதச் சீல் ஒட்டி, அதில் அவரும் மேனேஜரும் கையெழுத்துப் போடுவார்கள். தொழிற்சாலையில் படிந்த பழக்கம். மூடிக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், ஒன்று மேனேஜரிடம்.

மேனேஜர் கிரிஜா. மதுரைக்காரி. கணவர் போய் ஆறு வருடமாகிறது. இன்டர் இரண்டாம் வருடம், நம்மூர் பிளஸ் டூ, படிக்கும் ஒரே பெண், ஹம்ஸினி. பட்டு மாதம் ஒருமுறை ரசப்பொடி அரைத்தால் ஒரு டப்பா கிரிஜா வீட்டுக்குப் போகும். டப்பா ஒருபோதும் காலியாகத் திரும்பி வந்ததில்லை.

விநாயக சதுர்த்தி வந்தது. வங்கியை ஒட்டிப் பந்தல் போட்டு, ஆள் உயர ஸ்பீக்கர்களை அடுக்கினார்கள். டிஜே தொடங்கியதும் பெட்டக அறைச் சுவர் மெல்ல நடுங்கும், கருவி அலறும், கிரிஜா எங்கே இருந்தாலும் ஓடி வரவேண்டும். எட்டு நாளில் ஆறு தடவை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம், வியாழன் என்றே வைத்துக்கொள்வோம், ஊழியர்கள் கிளம்பிப் போன பிறகு சுந்தரேசன் வங்கிக்கு வந்தார். வாசல் கார்டு டீ குடிக்கப் போயிருந்தான். வருகைப் புத்தகம் மேஜைமேல் மூடிக் கிடந்தது. அவர் அதைத் திறக்கவில்லை.

"சார், உங்க பெட்டி திருடனைத் தவிர எல்லாரையும் பிடிக்குது," என்றாள் கிரிஜா.

"சுவர் ஆடினா அது சொல்லணும். அதுக்குத்தானே மாட்டியிருக்கு?"

"ஸ்டேஷன்ல எனக்குப் பேரே வெச்சுட்டாங்க, அலாரம் மேடம்னு. நேத்து போன் பண்ணினா, 'மள்ளி மோகிந்தா, மேடம்?'னு, மறுபடி அடிச்சுதான்னு கேட்டுட்டுச் சிரிக்கிறான். இனிமே அடிச்சா அவன் எழுந்து வரமாட்டான் சார்."

"என்ன பண்ணணும்கறே?"

"ஒரு லெட்டர் குடுங்க, போதும். பண்டிகைச் சத்தத்துல இந்தக் கருவியை மட்டும் நம்ப முடியாது, சனிக்கிழமை பிள்ளையாரைக் கரைக்கற அன்னிக்கு ஆள் காவல் வேணும்னு ரெண்டு வரி. அதை வெச்சு ஹெட் ஆபீஸ்ல ரெண்டு கார்டு கேட்டு வாங்கிடுவேன். நான் எழுதினா அவங்க மதிக்க மாட்டேங்கறாங்க. போன வாரமே இந்த அலாரத்தைக் கழட்டுங்கன்னு கோபத்துல ஒரு மெயில் போட்டேன். பதிலே இல்லை."

பேகம்பேட்டில் இருந்த வங்கியின் தலைமை அலுவலகத்தில், பொது மேலாளர் பக்தவத்சலத்தின் மேஜையில், இன்னும் முப்பது கிளைகளுக்கு இந்தக் கருவியை வாங்கலாமா என்ற கோப்பு காத்திருந்தது. மேளத்துக்கும் டிரில்லுக்கும் வித்தியாசம் தெரியாத கருவி என்று செய்தவனே கையெழுத்துப் போட்ட காகிதம் அந்தக் கோப்பின் மேல் போய் உட்கார்ந்தால் என்னாகும் என்று சுந்தரேசனுக்குத் தெரியும்.

"லெட்டர் எதுக்கு?" என்றார். "ரெண்டு நாள் குறைச்சு வெச்சுட்டாப் போச்சு."

"குறைச்சா, நிஜமாவே ஒருத்தன் வந்தா கேக்குமா?"

"சுத்தியல் விழுந்தா ரெண்டுல வெச்சாலும் அலறும். நான் செஞ்ச மிஷின், கிரிஜா."

அவள் கருவியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க சொன்னா சரி சார்."

அவர் சீலை பிளேடால் கீறி, மூடியைத் திறந்து, குமிழை ஏழிலிருந்து இரண்டுக்கு இறக்கினார். கை தானாகவே பையிலிருந்து பென்சிலை எடுத்து, மூடியின் உள்பக்கத்தில் எண்ணையும் தேதியையும் எழுதியது. பூட்டினார். புதுச் சீல் ஒட்டவில்லை. திங்கட்கிழமை வந்து மறுபடி ஏற்றத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டார்.

வீட்டில் அடை சாப்பிட்டுக்கொண்டே பட்டுவிடம் சொன்னார்.

"ரெண்டுல வெச்சுட்டு வந்துட்டேன். பாவம், அவளும் எத்தனை தடவைதான் ஓடுவா."

"ஏன்னா, நம்ம நகையும் அங்கதானே இருக்கு?"

"அசடு மாதிரி பேசாதே. இன்னொரு அடை போடு."

சுந்தரேசன் மனத்தில் இருந்த திருடன் உளியும் சுத்தியலுமாக வருகிறவன். வந்தவர்கள் அப்படி இல்லை. வங்கிக்கு விடுமுறையான அந்தச் சனிக்கிழமை பட்டப்பகலில், தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் கோர் டிரில் என்று வேலைக்காரர்கள் மாதிரி நான்கு பேர் வந்தார்கள். ஏசி மாட்டுகிறவர்கள் சுவரில் வட்டமாக ஓட்டை போட வாடகைக்கு எடுக்கும் மிஷின் அது. தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்கும், இடிக்காது. வங்கியை ஒட்டி, வாடகைக்கு ஆள் தேடி ஷட்டர் இறக்கியிருந்த புடவைக் கடைக்குள் அவர்கள் புகுந்தார்கள். தெருவில் லாரி லாரியாகப் பிள்ளையார் காப்ரா ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு லாரியிலும் டிஜே. சுந்தரேசனும் பட்டுவும்கூடத் தெருமுனையில் நின்று பார்த்தார்கள். பட்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர்கள் நின்ற இடத்திலிருந்து அந்த ஷட்டர் தெரியும்.

கருவி கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்றுதான் அதற்குச் சொல்லியிருந்தது.

திங்கட்கிழமை காலை கிரிஜா பெட்டக அறையைத் திறந்தாள். சுவரில் மூன்று வட்டங்களை ஒன்றோடு ஒன்று சேர்த்து அறுத்த ஓட்டை. நாற்பத்தோரு லாக்கர்கள் வாயைப் பிளந்து கிடந்தன. கேமராப் பதிவுகள் இருந்த பெட்டியையும் கையோடு எடுத்துப் போயிருந்தார்கள். வியாழக்கிழமைச் சாயங்காலமும் அதோடு போய்விட்டது.

அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று கேட்க சுந்தரேசனைக் கூட்டி வந்தார்கள். பேகம்பேட்டிலிருந்து பக்தவத்சலம் வந்திருந்தார். இன்ஸ்பெக்டர், இரண்டு போலீஸ்காரர்கள், ஓரமாக கிரிஜா. அவள் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் தனியாக மாட்டிக்கொண்டவளின் பயம் இல்லை. சார் வந்துவிட்டார், சொல்லிவிடுவார் என்று அவள் நின்றாள்.

சுந்தரேசனும் சொல்லத்தான் வந்தார். தெரு முழுக்க அந்த வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். கைரேகை எடுப்பவர் தூள் தடவிப் பார்த்துவிட்டு, தெளிவாக ஒன்றுமில்லை என்று தள்ளிக்கொண்டார். சுந்தரேசன் சாவியைப் போட்டு மூடியைத் திறந்தார். குமிழ் இரண்டில் இருந்தது. மூடியின் உள்பக்கத்தில் அவருடைய கையெழுத்தில் 2, பக்கத்தில் தேதி.

"என்ன சார், மிஷின் ஃபெயிலா?" என்றார் பக்தவத்சலம், தோளுக்குப் பின்னாலிருந்து.

ஃபெயில் என்ற அந்த ஒரு சொல்தான். வேறு எப்படிக் கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று சுந்தரேசன் பின்னாளில் நினைத்துக்கொள்வார். அது பொய் என்பதும் அவருக்குத் தெரியும்.

"ஒரே தூசி," என்று சொல்லி, கட்டைவிரலால் மூடியின் உள்பக்கத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார். பிறகு நகர்ந்து நின்று குமிழைக் காட்டினார்.

"மிஷின் நன்னாத்தான் இருக்கு சார். ஆகஸ்ட்ல நான் ஏழுல வெச்சேன். யாரோ ரெண்டுக்கு இறக்கியிருக்கா. இதோ பாருங்கோ, சீலும் கீறியிருக்கு."

"சார்!" என்றாள் கிரிஜா.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். அவள் வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னாள். முதலில் தமிழில், பிறகு அவருக்குப் புரிய வேண்டுமென்று தெலுங்கில். வருகைப் புத்தகத்தில் பெயர் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. சர்வீஸ் சீட்டு இருக்கிறதா? இல்லை. கார்டு பார்த்தானா? "நஹி சாப், நான் சாய் குடிக்கப் போயிருந்தேன்," என்றான் அவன். இன்னொரு சாவி யாரிடம்? கிரிஜாவிடம். அலாரத்தைக் கழற்றச் சொல்லிப் போன வாரம் மெயில் போட்டது யார்? அதை பக்தவத்சலமே போனில் திறந்து சத்தமாகப் படித்தார்.

குமிழை மறுபடி ஏழுக்கு ஏற்றிவிட்டு, சுந்தரேசன் சுவரில் சாவிக்கொத்தால் லேசாகத் தட்டினார். கருவி தெருவே அதிர அலறியது. ஒரு போலீஸ்காரர் காதைப் பொத்திக்கொண்டார். பக்தவத்சலம் தலையாட்டினார்.

கிரிஜா சுந்தரேசனின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் கிரிஜா சுந்தரேசன் வீட்டுக்கு வந்தாள். சுந்தரேசன் மாடியில்தான் இருந்தார், படியிறங்கவில்லை. கீழே பேசுவது நன்றாகக் கேட்டது.

"மாமி, சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க."

"கேள்விப்பட்டேம்மா. உக்காரு."

"உக்கார வரல மாமி. சார் உங்ககிட்ட சொல்லியிருப்பார். உங்ககிட்ட சொல்லாம அவர் ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட வாங்க மாட்டார், எனக்குத் தெரியும். கட்டைவிரல்ல பென்சில் கரி, நான் பாத்தேன் மாமி. அதைச் சொன்னா யார் நம்புவா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க."

மாடியில் சுந்தரேசன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டு சொல்லிவிடுவாள் என்று நினைத்தார். சொல்லிவிட்டால் நல்லது என்றும் ஒரு கணம் நினைத்தார். கீழே குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு இந்த மிஷின் விஷயமெல்லாம் தெரியாதும்மா," என்றாள் பட்டு. "என்னோட ஒட்டியாணமும்தான் போச்சு. நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?"

செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. கேட்டுக்கு வெளியே போனவள் நின்று, மாடியைப் பார்த்துச் சொன்னாள்: "அந்த லெட்டரைக் குடுத்திருக்கலாம் சார். ரெண்டு வரிதான் கேட்டேன்."

அன்று ராத்திரி பட்டு அவருக்குத் தட்டு வைத்தாள், சாதம் போட்டாள், மோர் விட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கைகழுவ எழுந்தபோது, "சோப்பு போட்டு அலம்புங்கோ," என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ரசப்பொடி அரைத்ததும் பட்டு வழக்கம்போல ஒரு டப்பாவை ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் ஹம்ஸினி அதை எடுத்துக்கொண்டு வந்தாள். காலேஜ் பையைக்கூடக் கழற்றவில்லை.

"மம்மி வத்தந்தி, ஆன்ட்டி," என்றாள். பட்டுவின் முகம் பார்க்காமல், அவளுக்கும் புரியாமல் போய்விடப் போகிறதே என்பதுபோலத் தமிழிலும் சொன்னாள்: "வேணாமாம்."

டப்பா திறக்கப்படவே இல்லை. பட்டு கட்டிய நூல் கட்டியபடியே இருந்தது.

விசாரணை முடிய ஏழு மாதம் ஆனது. கடைசி நாளில் சுந்தரேசனை பேகம்பேட்டுக்கு அழைத்து, ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஆகஸ்டுக்குப் பிறகு நான் அந்த மூடியைத் திறக்கவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. படித்துப் பார்த்துவிட்டுப் போட்டார். அதே அறையில், அதே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும்போதே பக்தவத்சலம் அடுத்த கோப்பை எடுத்தார்.

"முப்பது கிளைக்கும் வாங்கிக்கறோம் சார். ஒரே ஒரு கண்டிஷன். அந்தக் குமிழை எங்க ஆளுங்க யாரும் தொட முடியாதபடி பண்ணிக் குடுங்க. உங்களைத் தவிர யார் கையும் படக்கூடாது."

"பண்ணிடலாம்," என்றார் சுந்தரேசன்.

பண்ணியும் கொடுத்தார். புது மாடலில் குமிழே கிடையாது. ரகசிய எண் அடித்தால்தான் மாற்றலாம், அந்த எண் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மகன் மாதவ் அச்சடித்த விளக்கத்தாளில் அதைத்தான் தடித்த எழுத்தில் முதலில் போட்டிருந்தான்.

கிரிஜாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவள் மேல்முறையீடு செய்து தோற்றாள். இப்போது மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறாள். ஹம்ஸினி படிப்பை முடிக்க ஹைதராபாத்திலேயே ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். காலனிப் பக்கம் வருவதில்லை. திருடர்களில் இரண்டு பேர் பிடிபட்டார்கள், மற்ற இருவர் அகப்படவில்லை. பக்தவத்சலம் ஓய்வு பெற்றார். மீட்ட நகைகளில் பட்டுவின் ஒட்டியாணமும் இருந்தது. அடையாளம் காட்டச் சொல்லி மூன்று தடவை கடிதம் வந்தும் அவள் போகவில்லை, அது போலீஸிடமே இருக்கிறது. ரசப்பொடி அரைப்பதையும் விட்டுவிட்டாள், கடையில் வாங்குகிறாள். முப்பது கிளைகளிலும் சுந்தரேசனின் கருவி இருக்கிறது. இதுவரை ஒன்றிலும் திருட்டுப் போகவில்லை.