தனித்தேர்வர்

என் அக்கா நடத்தும் பள்ளியில் எனக்கு ஒரு சின்ன அறை உண்டு. கல்லூரி நுழைவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பள்ளி. மொத்தமே நூற்றிருபது பேர். அதில் பதினோரு பேர் என் பொறுப்பு. எழுத்து இடம் மாறித் தெரிகிறவர்கள், எண்களைக் கண்டாலே உறைந்துபோகிறவர்கள், காதால் கேட்டதைப் பிடித்துக்கொண்டு கையால் எழுதத் திணறுகிறவர்கள். மூளையில் குறை இல்லை, கற்கும் வழிதான் வேறு என்று பெற்றோரிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுபோயிருக்கிறது. அக்காவும் அதையேதான் சொல்வாள், என்னைவிட அழகாக.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியை வக்கீலம்மா என்று கூப்பிடுவோம். வாயைத் திறந்தால் எதிராளி காலி. சட்டம் படிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ஆனால் ஒரு பக்கம் வாசிக்க மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். இறுதித் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் தேறிவிடுவாள். கிடைக்காவிட்டால் பாதிக் கேள்விகளைக்கூடத் தொட முடியாது. அந்த நேரத்தைப் பள்ளிதான் கேட்டு வாங்கித் தர வேண்டும். கேட்டாயிற்று என்றுதான் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை ஹால் டிக்கெட் வந்தது. என் பதினோரு பேருக்குப் பத்துதான் இருந்தது. குமாஸ்தாவிடம் கேட்டேன்.

"அந்தப் பொண்ணத் தனித்தேர்வரா மாத்தியாச்சே மேடம். அது வீட்டுக்கே போயிருக்கும்," என்றார், தலையை நிமிர்த்தாமல்.

தனித்தேர்வரின் முடிவு பள்ளிக் கணக்கில் சேராது; அவருக்குக் கூடுதல் நேரமும் கிடையாது. திருத்தம் செய்யும் தேதியும் வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது. நேரே அக்காவின் அறைக்குப் போனேன்.

"ஒருத்தி ஃபெயிலானாலும் நூறு சதவீதம் போச்சுடி," என்றாள். "அப்புறம் யாரு இங்க பிள்ளைங்களச் சேப்பாங்க? மத்தவங்களையும் நான் பாக்கணும்ல."

"நேரம் குடுத்தா அவ பாஸாயிடுவா. உனக்கே தெரியும்."

"ஆகலைன்னா?"

"அவங்கம்மா எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

அக்கா ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். ஒப்புதல் கடிதம். அந்த அம்மாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில், பரிந்துரைத்தவர் என்ற இடத்தில், என் கையெழுத்து.

போன மாதம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் கூடுதல் நேர மனுதான், சீக்கிரம் போடு என்றாள். டப்பாவை நகர்த்திவிட்டு வரிசையாகப் போட்டேன். கூடப் பிறந்தவள் நீட்டியதை யார் வாசிப்பார்கள்? என் தலையில் மிளகாய் அரைத்ததுகூடப் பரவாயில்லை. அந்தப் பெண்ணின் கழுத்தை அறுக்க என் கையையே எடுத்துக்கொண்டாளே, அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

"கேட்டா நீ ஒத்துக்க மாட்டே," என்றாள் அக்கா, ஏதோ என் சௌகரியத்துக்காகச் செய்ததுபோல.

கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் அறை வாசலில் வக்கீலம்மாவும் அவள் அம்மாவும் ஹால் டிக்கெட்டோடு நின்றிருந்தார்கள்.

"இதுல கூடுதல் நேரம்னு எங்கயும் போடலயே மிஸ்," என்றார் அம்மா.

எதையாவது சொல்லிப் பூசி மெழுகியிருக்கலாம். மனசு வரவில்லை. கடிதத்தை நீட்டினேன்.

"இதுவா? உங்க கையெழுத்து இருந்துச்சு, அதனால நான் படிக்காமலே போட்டுட்டேன்," என்றார் அம்மா.

மகள் அதை வாங்கினாள். வரிக்குக் கீழே விரலை வைத்து, வாய்விட்டு வாசித்தாள். எட்டு வரிக்கு இரண்டு நிமிஷம் ஆனது. 'தனித்தேர்வர்' என்ற சொல்லில் இரண்டு முறை இடறி, மறுபடி ஆரம்பித்தாள். நாங்கள் குறுக்கிடவில்லை. கடைசியில் என் கையெழுத்தில் விரல் நின்றது.

"நீங்க படிச்சுட்டுத்தான் போட்டீங்களா மிஸ்?"

"இல்லம்மா. அக்கா குடுத்தாங்க, போட்டுட்டேன்."

அவள் கத்துவாள், வாதாடுவாள் என்று காத்திருந்தேன். கடிதத்தை மடித்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"நானா இருந்தா படிச்சிருப்பேன் மிஸ்," என்றாள். "நேரமாயிருக்கும். ஆனா படிச்சிருப்பேன்."